பறந்ததற்கு என்ன ஆதாரம்?

1

பள்ளிப் பாடப்புத்தகத்தில் அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். மணல்வெளி. தரையிலிருந்து சற்றே எழும்பிய இரட்டைத் தட்டு விமானம். கீழ்த்தட்டில் குப்புறப் படுத்திருப்பவர் ஆர்வில் ரைட். வலப்பக்கம், இறக்கையைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்து, கையை விட்டுவிட்டு நிற்பவர் அவருடைய அண்ணன் வில்பர். 1903 டிசம்பர் 17, காலை 10:35. அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் கில் டெவில் ஹில்ஸ் என்ற இடம். பறந்த நேரம் 12 விநாடி. தூரம் 120 அடி.

முழுப் படத்தைத் தேடி எடுத்து அதன் இடது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே படம் இல்லை. கண்ணாடித் தட்டின் மேலிருந்த ரசாயனப் பூச்சு உரிந்துபோயிருக்கிறது. 1913 மார்ச்சில் ஒஹையோ மாகாணத்தின் டேட்டன் நகரத்தை மூழ்கடித்த வெள்ளம் செய்த வேலை அது. ஹாதார்ன் தெரு 7ஆம் எண் வீட்டில்தான் ரைட் குடும்பம் இருந்தது. அவர்கள் சேர்த்து வைத்திருந்த கண்ணாடி நெகட்டிவ்கள் தண்ணீரில் மூழ்கின. பிரித்துப் பெட்டிகளில் அடைத்து ஒரு கொட்டகையில் போட்டிருந்த 1903 விமானம் 11 நாள் சேற்றுக்கும் தண்ணீருக்கும் அடியில் கிடந்தது. வில்பர் அதற்கு முந்தைய ஆண்டே டைபாய்டு காய்ச்சலில் இறந்திருந்தார்.

பல தட்டுகள் பாழாயின. இந்தத் தட்டில் மட்டும் ஒரு மூலை போனதோடு சரி. விமானம் தப்பியது.

பூச்சு இன்னும் மூன்று அங்குலம் உரிந்திருந்தால்? ரைட் சகோதரர்கள் பறந்தார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்கும் என்பதுதான் என் பதில். அந்த ஒரு புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் பறந்ததை நிரூபித்துவிட முடியாது என்றும் சொல்வேன். இரண்டும் ஒரே விஷயம்தான். விமானம் காற்றில் இருக்கும் ஒரு கணத்தை மட்டும்தான் புகைப்படம் காட்டும். எஞ்சின் இல்லாத கிளைடரும் படத்தில் அப்படியேதான் தெரியும். பலத்த காற்று தூக்கிவிட்டதா, இயந்திரம் இழுத்துப் போனதா, இறங்கிய இடம் ஏறிய இடத்தைவிடத் தாழ்வா என்றெல்லாம் படம் சொல்லாது. அவற்றைச் சொல்லும் வேலையை வேறு காகிதங்கள் செய்கின்றன. அந்தக் காகிதங்களின் கதை எனக்கு விமானத்தின் கதையைவிடச் சுவாரஸ்யமாகப் படுகிறது.

2

முதலில் அந்தப் புகைப்படத்தை எடுத்தவர். ஜான் டி. டேனியல்ஸ். கடலில் கப்பல் உடைந்தால் போய் ஆட்களை மீட்கும் அரசு நிலையத்தில் வேலை பார்த்தவர். அவரோடு சேர்த்து அன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மொத்தம் ஐந்தே பேர். ஆர்வில் தன் கேமராவை முக்காலியில் பொருத்தி, தண்டவாளம் முடியும் இடத்தை நோக்கித் திருப்பி, ரப்பர் குமிழை டேனியல்ஸ் கையில் கொடுத்தார். விமானம் கிளம்பினால் இதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். டேனியல்ஸ் அழுத்தினார். படம் விழுந்ததா இல்லையா என்று அன்று யாருக்கும் தெரியாது. தட்டை டேட்டனுக்குக் கொண்டுபோய் வீட்டு இருட்டறையில் கழுவிய பிறகுதான் தெரிந்தது. விண்ணில் பறப்பதற்கு இணையான பதற்றத்தை இருட்டறையிலும் அனுபவித்ததாகச் சகோதரர்கள் பின்னாளில் எழுதினார்கள். தட்டில் தெரியப்போவது விமானமா, வெறும் வானமா?

அன்று மொத்தம் நான்கு முறை பறந்தார்கள். நான்காவது முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார். அதன்பிறகு ஒரு பெருங்காற்று நின்றுகொண்டிருந்த விமானத்தைப் புரட்டிப் போட்டது. அதைப் பிடிக்கப் போன டேனியல்ஸ் உள்ளே சிக்கி உருண்டார். அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை. நேரம், தூரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் ஆர்வில் தன் நாட்குறிப்பில் எழுதினார்.

அன்று மதியம் ஊரிலிருந்த அப்பாவுக்குத் தந்தி. நான்கு முறை பறந்தோம், பத்திரிகைகளுக்குச் சொல்லுங்கள், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறோம் என்ற செய்தி. தந்தி டேட்டனுக்குப் போய்ச் சேரும்போது அதில் இரண்டு பிழைகள் இருந்தன. 59 விநாடி 57 ஆகியிருந்தது. அனுப்பியவர் பெயர் ‘ஓரவெல்’ என்பதுபோல எழுத்து மாறியிருந்தது. வழியில் எங்கோ கை தவறியிருக்கிறது.

அந்தத் தந்தி இன்றைக்கும் இருக்கிறது. யாரும் அதைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். நாட்குறிப்பில் 59, தந்தியில் 57 என்று இருப்பதால்தான் இரண்டும் தனித்தனியாக உருவான ஆவணங்கள் என்று தெரிகிறது. மென்பொருள் வேலையில் லாக் ஃபைல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு சர்வர்களின் லாகும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் ஒன்று மற்றதன் நகல் என்றுதான் முதலில் நினைப்போம்.

மறுநாள் நார்ஃபோக் நகரின் வர்ஜீனியன் பைலட் பத்திரிகை முதல் பக்கத்தில் செய்தி போட்டது. விமானம் மூன்று மைல் பறந்ததாக அதில் இருந்தது. அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துக் கற்பனையில் இழுத்து நிரப்பிய செய்தி. அதைக் கத்தரித்து ஒட்டி வைத்த ஒருவர் வீட்டில் நூறு வருடம் கழித்து அது கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதம் அசல், தேதியும் அசல், அச்சும் அசல். உள்ளே இருக்கும் செய்தி மட்டும் தப்பு.

இன்னொரு பத்திரிகையையும் சொல்ல வேண்டும். 1904 செப்டம்பர் 20 அன்று டேட்டனுக்கு அருகே ஹஃப்மன் புல்வெளியில் வில்பர் முதல்முறையாக ஒரு முழு வட்டம் சுற்றிப் பறந்தார். அதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஏமஸ் ரூட். அவர் எழுதியது 1905 ஜனவரி 1 அன்று வெளிவந்தது. எங்கே தெரியுமா? ‘கிளீனிங்ஸ் இன் பீ கல்ச்சர்’ என்ற தேனீ வளர்ப்போருக்கான பத்திரிகையில். ரூட் தேனீப் பெட்டி வியாபாரி; அது அவருடைய சொந்தப் பத்திரிகை. ஒரு வருடம் கழித்து, 1906 ஜனவரியில், ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ ரைட் சகோதரர்கள் பறந்ததெல்லாம் கட்டுக்கதை என்ற தொனியில் எழுதியது. பெரிய பெயர் தவறியது, தேனீக்காரர் சரியாக எழுதினார். தேன் அடைகளுக்கு நடுவே விமான வரலாற்றின் முக்கியமான சாட்சியம் ஒன்று இருக்கும் என்று யார் தேடியிருப்பார்கள்? அந்தப் பழைய இதழ்களை யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்கள்.

3

ரைட் குடும்பத்தில் காகிதம் சேர்ப்பது வீட்டு வழக்கம். அப்பா மில்டன் ரைட் கிறிஸ்தவ சபை ஒன்றின் பிஷப். 1857 முதல் 1917 வரை நாட்குறிப்பு எழுதியவர். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனால் கடிதம் எழுதியே ஆக வேண்டும். அண்ணன்கள் இருவரும் மணல்மேட்டில் இருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பல தங்கை கேத்தரினுக்கும் அப்பாவுக்கும் கேலியும் கதையுமாகப் போனவை. விமான வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்து யாரும் அவற்றை எழுதவில்லை. அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு.

இவர்கள் விட்டுப்போன காகிதங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை வேலைக் குறிப்பேடுகள். 1901 இலையுதிர் காலத்தில் டேட்டனில் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி சுமார் 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். ரம்பத் தகடும் சைக்கிள் ஆரக்கம்பியும் கொண்டு செய்த தராசில் அளந்த எண்களைச் சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டுகளில் எழுதினார்கள். காற்றழுத்தத்துக்கு அதுவரை எல்லோரும் பயன்படுத்திய ‘ஸ்மீட்டன் எண்’ 0.005. அது தவறு, உண்மையில் 0.0033-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று தங்கள் சோதனைகளிலிருந்து கண்டுகொண்டார்கள். இன்றைய மதிப்புக்கு மிக நெருக்கமான எண் அது. இந்த நோட்டுகளில் இருப்பதை இன்றைக்கும் யாரும் சரிபார்க்கலாம். இயற்பியல் பொய் சொல்லாது.

இரண்டாவது வகை கடிதங்கள். 1899 மே 30 அன்று வில்பர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டார். பறத்தல் பற்றி என்னென்ன நூல்கள் இருக்கின்றன, அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவர்களும் சில பிரசுரங்களை அனுப்பினார்கள். 1900-ல் தொடங்கி ஆக்டேவ் சனூட் என்ற மூத்த பொறியாளருக்குப் பத்தாண்டு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு தோல்வியும் தேதியோடு அவற்றில் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது வகை ஸ்கிராப்புக். செய்தித்தாள்களைக் கத்தரித்து ஒட்டிய கனமான நோட்டுகள். புகழ் வந்தபிறகு உலகம் என்ன பேசியது என்பதன் பதிவு. அந்தக் காலத்தில் பணம் கட்டினால் உங்கள் பெயர் வரும் செய்திகளையெல்லாம் கத்தரித்துத் தபாலில் அனுப்பும் நிறுவனங்களே இருந்தன. இன்று நாம் நம் பெயரைக் கூகுளில் தேடுவதுபோல.

குறிப்பேடு நடந்ததைச் சொல்லும். ஸ்கிராப்புக் பேசப்பட்டதைச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் விமானம் மூன்று மைல் பறந்துவிடும். ஆனால் ஸ்கிராப்புக்கைத் தூக்கிப்போட்டுவிட்டால் சந்தேகம், பொறாமை, கேலி, தேசப் பெருமை எல்லாம் வரலாற்றிலிருந்து காணாமல் போய்விடும். எண்கள் மட்டும் மிஞ்சும்.

4

இதுவரை சொன்னதைக் கேட்டால் காகிதங்களைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. காப்பகமே ஒரு கட்சியாக மாறிய கதை இதே வரலாற்றில் இருக்கிறது.

வில்பர் நூல்கள் கேட்டு எழுதிய அதே ஸ்மித்சோனியனின் அன்றைய செயலாளர் சாமுவேல் லாங்லி. அமெரிக்கப் போர்த்துறையிடம் 50,000 டாலர் பெற்று ‘ஏரோட்ரோம்’ என்ற பெரிய விமானத்தைக் கட்டினார். 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என இரண்டு முறை போடோமாக் ஆற்றில் ஒரு படகின் கூரையிலிருந்து ஏவிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் தண்ணீருக்குள் போனது. இரண்டாவது விழுந்து ஒன்பதாம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். லாங்லி 1906-ல் மனம் நொந்து இறந்தார்.

1914-ல் ஸ்மித்சோனியன் அந்தப் பழைய ஏரோட்ரோமை கிளென் கர்டிஸிடம் கொடுத்து மறுபடி பறக்கவைத்துப் பார்க்கச் சொன்னது. கர்டிஸ் அப்போது ரைட்டுகளின் காப்புரிமை வழக்கில் தோற்றிருந்தவர். ரைட்டுகளுக்கு முன்பே பறக்கக்கூடிய விமானம் ஒன்று இருந்தது என்று காட்டினால் அவருக்கு லாபம். தங்கள் முன்னாள் தலைவரின் பெயரைக் காப்பாற்றினால் ஸ்மித்சோனியனுக்குத் திருப்தி. நியூயார்க் மாகாணத்தின் கியூக்கா ஏரியில் இறக்கையை மாற்றி, சட்டத்தை வலுப்படுத்தி, மிதவைகள் பொருத்திச் சில நூறு அடிகூடப் போகாத குட்டித் தாவல்களைச் செய்தார்கள். மாற்றம் எதுவும் இல்லாமலே பறந்தது என்ற பொருள்பட ஸ்மித்சோனியன் அறிக்கை எழுதியது. பிறகு விமானத்தைப் பழைய வடிவத்துக்கே திருப்பி அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டு, மனிதனைச் சுமந்து பறக்கும் திறன்கொண்ட முதல் விமானம் இதுதான் என்று பலகை வைத்தார்கள்.

1915-ல் ரைட்டுகளின் அண்ணன் லோரின் அந்த ஏரிக்கரைக்கு ரகசியமாகப் போனார். சோதனையில் இறக்கை மடங்கிய ஏரோட்ரோமைப் புகைப்படம் எடுத்தார். கர்டிஸின் ஆட்கள் பார்த்துவிட்டு ஃபிலிமைப் பிடுங்கிக்கொண்டார்கள். வரலாற்றில் இல்லாத புகைப்படம் அது. ஆனால் பிடுங்கினார்கள் என்ற தகவலை லோரின் எழுதி வைத்தார். இல்லாத படமும் சாட்சியாகிவிட்டது.

1921-ல் ரைட்டுகளின் ஆங்கில நண்பர் கிரிஃபித் புரூவர் லண்டனில் ஒரு சொற்பொழிவில் 1903-க்கும் 1914-க்கும் இடையே ஏரோட்ரோமில் என்னென்ன மாற்றினார்கள் என்று பட்டியலிட்டார். ஸ்மித்சோனியன் அசைந்து கொடுக்கவில்லை. 1928-ல் ஆர்வில், வெள்ளத்தில் ஊறி எழுந்த அந்த 1903 விமானத்தை அமெரிக்காவில் வைக்காமல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் பெருமை இருபது வருடம் வெளிநாட்டில் இருந்தது. கர்டிஸின் சோதனையை ஸ்மித்சோனியன் சார்பில் மேற்பார்வை செய்த ஆல்பர்ட் ஸாம் பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் விமானவியல் பிரிவுக்கே தலைவராக இருந்தார். காகிதங்களை எங்கே கொடுப்பது என்று யோசித்த ஆர்வில் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

1942-ல்தான் ஸ்மித்சோனியனின் அன்றைய செயலாளர் சார்லஸ் அபட் மாற்றங்களின் முழுப் பட்டியலை வெளியிட்டு, தங்கள் நிறுவனம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். 28 வருடம். ஆர்வில் 1948 ஜனவரி 30 அன்று இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று விமானம் ஸ்மித்சோனியனில் வைக்கப்பட்டது. அவருடைய வாரிசுகள் விமானத்தை ஒரு டாலருக்கு விற்றார்கள். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு: ரைட்டுகளுக்கு முன்பு வேறு எந்த விமானமாவது மனிதனைச் சுமந்து கட்டுப்பாட்டோடு பறந்தது என்று ஸ்மித்சோனியன் எங்காவது சொன்னால் விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நிபந்தனையைப் படிக்கும்போது எனக்கு நெருடல்தான். ஆய்வு நிறுவனம் ஒன்று முடிவை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடலாமா? ஆர்விலின் குடும்பத்துக்கு அப்படி ஒரு பூட்டு தேவைப்பட்டதற்கான காரணமும் புரிகிறது. முதல் பொய்க்கு விலை, உண்மையின் மேலும் சந்தேக நிழல் விழுவது.

பொய்யை உடைத்தது எது? போட்டிக் காப்பகங்கள். ரைட்டுகளின் நோட்டு டேட்டனில், சனூட்டுக்குப் போன கடிதங்கள் சனூட்டிடம், புரூவரின் குறிப்புகள் லண்டனில், லாங்லியின் 1903 புகைப்படங்கள் ஸ்மித்சோனியனிடமே. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருந்தால் பலகையில் எழுதியதே வரலாறு. ஒரே டிஸ்க்கில் எடுத்த பேக்கப் பேக்கப் அல்ல என்று எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள்.

5

ரைட்டுகளுக்கு முன்பு பறந்ததாகச் சொல்லப்படுபவர்களில் முக்கியமானவர் குஸ்டாவ் வைட்ஹெட். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய தொழிலாளி. கனெடிகட் மாகாணத்தின் பிரிட்ஜ்போர்ட்டுக்கு அருகே 1901 ஆகஸ்ட் 14 அன்று பறந்தார் என்று அந்த ஊர் ஹெரால்டு பத்திரிகை நான்கு நாள் கழித்து எழுதியது. செய்தியோடு வந்தது புகைப்படம் அல்ல, ஓவியம். கூட இருந்ததாகச் செய்தி குறிப்பிட்ட இருவரில் ஒருவரை 1930களில் தேடிப்பிடித்துக் கேட்டபோது, நான் அங்கே இருக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

2013-ல் இந்தக் கதை திடீரென்று உயிர் பெற்றது. எடிசனிடம் வேலை பார்த்த வில்லியம் ஹேமர் என்ற பொறியாளர் விமானம் தொடர்பான படங்களையும் காகிதங்களையும் சேர்த்தவர். அவருடைய சேகரிப்பில் 1906-ல் நியூயார்க்கில் நடந்த விமானக் கண்காட்சியின் ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். அவற்றில் மங்கலான ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்த ஆய்வாளர் ஒருவர், இதுதான் வைட்ஹெட் பறக்கும் படம் என்று அறிவித்தார். புகழ்பெற்ற ‘ஜேன்ஸ்’ விமானத் தொகுப்பின் ஆசிரியர் முன்னுரையில் ஆமோதித்தார். கனெடிகட் சட்டமன்றம் ரைட்டுகளை விலக்கி வைட்ஹெட்டைப் போற்றும் சட்டமே இயற்றியது.

அதே வருடம் இன்னொரு ஆய்வாளர், கலிஃபோர்னியாவில் ஜான் மான்ட்கோமரி கட்டி 1905-ல் காட்சிப்படுத்திய கிளைடரின் தெளிவான புகைப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மங்கல் படத்தில் இருந்தது அந்தக் கிளைடர். வேறு ஊர், வேறு ஆள், வேறு வருடம்.

ஹேமர் அந்தச் சுவரின் படத்தைச் சேர்த்து வைத்ததால்தான் தவறான முடிவு பிறந்தது. அதே படம் இருந்ததால்தான் தவறைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. சேகரிப்பவரின் வேலை பத்திரமாக வைத்திருப்பதோடு முடிகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பது படிக்க வருபவரின் வேலை. ஒப்பிட இரண்டாவது படம் ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும்.

6

இந்த இடத்தில் நம் ஊருக்கு வந்தாக வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் டிசம்பர் 17 வந்தால் சித்தப்பா ஒரு செய்தியைத் தவறாமல் அனுப்புவார். ஒருமுறை நேரிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“ரைட் பிரதர்ஸெல்லாம் அப்புறம்டா. 1895-லயே நம்ம ஆளு தல்படே பம்பாய் சௌபாத்தி பீச்சுல பறக்க விட்டுட்டாரு. வெள்ளைக்காரன் அமுக்கிட்டான்.”

“எதுல வந்துருக்கு சித்தப்பா?”

“கேசரி பேப்பர்ல வந்துச்சாம்.”

“என்னிக்கு தேதி?”

“எல்லாத்துக்கும் தேதி கேட்டா எப்படிடா?”

தேதிதான் கேட்க வேண்டும். தல்படே உண்மையில் வாழ்ந்த மனிதர். பம்பாய்க்காரர், சம்ஸ்கிருதம் படித்தவர், விமானத்தில் நிஜமான ஆர்வம் கொண்டவர். 1,500 அடி உயரத்துக்கு ஆளில்லா விமானத்தை அனுப்பினார் என்று கதை சொல்கிறது. கதையைச் சொல்பவர்கள் அந்த நாளின் பத்திரிகைப் பக்கத்தை நம் முன் விரிப்பதில்லை. அதற்குத் துணையாகக் காட்டப்படும் ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலை 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் வரிவரியாகப் படித்தார்கள். அது பழைய நூல் அல்ல, இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் உள்ள வடிவங்கள் பறக்காது என்று முடிவு சொன்னார்கள். ஆனாலும் 2015-ல் மும்பை அறிவியல் மாநாட்டில் புராதன விமானங்கள் பற்றி உரை வாசிக்கப்பட்டது. தல்படே பற்றி இந்திப் படமும் வந்தது.

எனக்குக் கோபம் வருவது தல்படேவுக்காகத்தான். அந்த மனிதர் உண்மையில் என்ன செய்து பார்த்தார், மூங்கிலா, துணியா, எது உடைந்தது, யார் பணம் கொடுத்தார்கள்? ஒரு நோட்டு, ஒரு கடைக்கணக்கு கிடைத்தால் பதில் கிடைத்திருக்கும். ஒரு தோல்வியின் சரியான பதிவுகூட அவரை வரலாற்றில் உட்கார வைத்திருக்கும். லாங்லி தோற்றவர்தான், ஒவ்வொரு கம்பியும் பதிவில் இருப்பதால் இன்றைக்கும் அவரை மதிக்க முடிகிறது. தல்படேவுக்கு நாம் கொடுத்திருப்பது ஃபார்வர்டு. அது மரியாதை இல்லை.

நம்மிடம் நல்ல பதிவே கிடையாது என்று சொல்லவில்லை. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. சம்பவம் எங்கே பதிவாகியிருக்கிறது? கடித உறைகளில். அதற்கென்றே செய்த தனி முத்திரை ஒவ்வொரு உறையிலும் குத்தப்பட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பயணத்தின் உறைகளையும் தபால்தலை சேகரிப்பவர்கள் வைத்திருக்கிறார்கள்.

நாம் ஸ்டாம்பு ஆல்பம் என்று பொழுதுபோக்காக நினைப்பது விமான வரலாற்றின் முதல்தரமான காப்பகம். அரசு குத்திய தேதி, ஊர், பாதை மூன்றும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. அது இரண்டு ஊர்களில் இரண்டு முத்திரை வாங்கியிருந்தால் கிளம்பியதற்கும் சேர்ந்ததற்கும் தனித்தனிச் சாட்சி. ரைட்டுகளின் நாட்குறிப்பும் தந்தியும் சேர்ந்து செய்த வேலையை ஒரு உறை செய்துவிடுகிறது.

7

ரைட்டுகளின் காகிதங்களும் சுமார் 300 கண்ணாடித் தட்டுகளும் 1949-ல் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. ஸாம் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். குடும்பக் கடிதங்களும் அப்பாவின் நாட்குறிப்பும் உட்பட இன்னொரு பெரும்பகுதி 1975-ல் டேட்டன் பக்கத்திலுள்ள ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. ஒரே இடத்தில் இல்லை என்பது எனக்கு நிம்மதி தருகிறது.

காரணம் இருக்கிறது. 1906 மே 22 அன்று வழங்கப்பட்ட ரைட்டுகளின் 821,393ஆம் எண் காப்புரிமையின் அசல் கோப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்து காணாமல் போனது. கடைசியாக 1980-ல் பார்த்தார்கள். திருடிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். 2016-ல் கான்சஸ் மாகாணத்தின் லெனெக்ஸாவில், சுண்ணாம்புக்கல் குகைக்குள் இருக்கும் சேமிப்புக் கிடங்கில் வேறு காப்புரிமைப் பெட்டிகளுக்கு நடுவே கிடைத்தது. யாரும் திருடவில்லை. தப்பான பெட்டியில் போட்டிருந்தார்கள். இடம் தெரியாமல் பத்திரமாக இருப்பதும் தொலைந்துபோனதும் ஒன்றுதான்.

வீடுகளில் இருப்பதற்கும் இதே நிலைமை. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த தாத்தா, மீனம்பாக்கத்தில் சரக்கு ஏற்றிய பெரியப்பா, ஏர் இந்தியாவில் டிக்கெட் எழுதிய அத்தை என்று ஒருவர் இருப்பார். அலமாரியில் ஒரு ஆல்பம், ஒரு அடையாள அட்டை, பத்திரிகையில் கத்தரித்த துண்டு இருக்கும். கத்தரிக்கும்போது செய்தியை மட்டும் வெட்டி, பக்கத்தின் மேலே இருக்கும் தேதியையும் பத்திரிகைப் பெயரையும் குப்பையில் போட்டிருப்பார்கள். இதுதான் உலகம் முழுக்க ஸ்கிராப்புக்குகளில் நடக்கும் சேதம். ஆள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்த வருடம், படத்தில் இடமிருந்து வலம் யார் யார் என்று. பேனா வேண்டாம், பென்சில். ஆல்பத்தின் பக்கங்களைப் பிரித்துத் தனித்தனியாக அடுக்க வேண்டாம். எது எதற்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது என்பதும் தகவல். காப்பகங்களிலும் முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுப்பார்கள். செய்தித்தாள் காகிதம் மரக்கூழில் செய்தது. அதில் உள்ள லிக்னினும் அமிலமும் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். வெயிலும் ஈரமும் அதை வேகமாக்கும். ஸ்கேன் செய்த நகல் உங்களிடம் ஒன்று, ஊரில் தம்பியிடம் ஒன்று, நூலகத்தில் ஒன்று.

தாத்தா சொல்லும் கதைக்கும் அட்டையில் இருக்கும் தேதிக்கும் ஒரு வருடம் இடித்தால் இரண்டையும் அப்படியே விடுங்கள். டேட்டனுக்கு வந்த அந்தத் தந்தியில் இன்னும் 57 என்றுதான் இருக்கிறது.